ஒரே பலகையில் பல கடல்

மாவனல்லைக்குக் கடல் லொறியில்தான் வரும். நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் ஏற்றிய ஐஸ் பெட்டிகள் விடியுமுன் வந்திறங்க, ஏழு மணிக்குள் மீன்கடைப் பலகைகள் நிறைந்துவிடும். பலயா, கெலவல்லா, சாலயா, லின்னா என்று பெயரெல்லாம் சிங்களத்தில். தமிழ் வீட்டாரும் முஸ்லிம் வீட்டாரும் அப்படியே கேட்டு வாங்குவோம். மிச்சம் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஏறி, ஹோர்ன் அடித்தபடி அரநாயக்கப் பக்கத்துத் தோட்ட லயங்கள் வரை போகும். அதுவும் எட்டாத வீட்டில் நெத்தலிக் கருவாடு இருக்கும்.

அந்தப் பலகையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். களப்புச் சேற்றில் வளர்ந்த இறால், பாறைப் பொந்தில் பதுங்கியிருந்த கலவாய், மணலில் புதைந்து கிடந்த திருக்கை, அடித்தரை என்ற ஒன்றையே காணாமல் நடுக்கடலில் ஓடித்திரிந்த கெலவல்லா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். உயிரோடிருந்த காலத்தில் இவை ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. செத்த பிறகு எங்கள் ஊரில் வந்து சந்தித்துக்கொள்கின்றன.

விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, எனக்கும் அப்படித்தான். மீன் வாங்கப் போனால் மீனை விட்டுவிட்டு அது இருந்த இடத்தைப் பற்றிப் பேசுவார். "கடல் என்டு பொதுவா ஒண்டு இல்ல தம்பி. காடு, வயல், மலை, பாலைவனம் எல்லாத்தையும் சேர்த்து 'தரை' என்டு ஒரே பேர் வச்சா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் இதுவும்." கடைக்காரருக்கு இந்தப் பாடம் மனப்பாடம். இந்த மார்ச் மாதம், பேசியது போதும், பலகையில் கிடந்தவற்றின் வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நானாவின் பழைய காரில் கிளம்பினோம்.

வழியை ஆறே சொன்னது. அரநாயக்க மலைகளில் ஊறி மாவனல்லையைத் தொடும் மகா ஓயா, மொத்தம் 134 கிலோமீற்றர் ஓடிக் கொச்சிக்கடையில் கடலில் விழுகிறது. வரைபடத்தில் கோடு போட்டால் எங்கள் ஊரிலிருந்து அந்த ஆற்றுவாய் ஏறக்குறைய நேர் மேற்கே, 65 கிலோமீற்றர்தான். ஆறு அவ்வளவு அவசரப்படுவதில்லை. ரம்புக்கனை, அலவ்வ, கிரியுல்ல என்று வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. மாவனல்லையில் அதைக் கடப்பது 1830களில் பிரித்தானியர் கட்டிய கல்வளைவுப் பாலத்தில். பாலத்தில் நின்று வெளியூர்க்காரருக்கு உத்துவன்கந்தை மலையைக் காட்டி, அங்கே பதுங்கியிருந்த கொள்ளைக்காரன் சரதியலையும் அவன் கூட்டாளி, எங்களூர் மம்மலி மரிக்காரையும் 1864இல் தூக்கில் போட்ட கதையைச் சொல்வது இங்கே ஒரு சடங்கு. எனக்குப் பாலத்துக்குக் கீழே நடக்கும் கதை அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

கீழே கற்பொந்துகளில் விலாங்கு இருக்கிறது. மழை பெய்து ஆறு கலங்கிய இரவுகளில் தூண்டில்காரர்களுக்கு மணிக்கட்டுப் பருமனில் அகப்படும். இலங்கை ஆறுகளில் இரண்டு இன விலாங்கு உண்டு. இரண்டும் பிறந்தது ஆற்றில் அல்ல. நன்னீரில் வருடக்கணக்கில் தின்று வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கிளம்புமுன் கண் பெருக்கும், குடல் சுருங்கும், உடம்பு வெள்ளி நிறமாகும். வழிநெடுக உணவு கிடையாது. ஆழ்கடலுக்கு மேலே எங்கோ முட்டையிட்டுவிட்டு அங்கேயே சாகும். குஞ்சு, ஒளி ஊடுருவும் மெல்லிய இலை வடிவத்தில் மாதக்கணக்காக நீரோட்டத்தில் மிதந்து, கரை நெருங்கும்போது உருண்டு திரண்டு குட்டி விலாங்காகி, ஆற்றுவாயில் நுழைந்து மலையேறும்.

விலாங்கு சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று அரிஸ்டோட்டில் நம்பினார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, முட்டையோ குஞ்சோ உள்ள விலாங்கை யாரும் ஆற்றில் கண்டதில்லை. ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் அத்திலாந்திக்கின் சர்காசோ கடல் என்று டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் பல வருடம் கடலில் அலைந்து, 1922இல்தான் எழுதினார். ஜப்பானிய விலாங்கின் முட்டை பசிபிக்கில், மரியானாத் தீவுகளுக்கு மேற்கே, 2009இல் அகப்பட்டது. எங்கள் பக்கத்து விலாங்குகள் மடகஸ்கருக்குக் கிழக்கேயும் சுமாத்திராவுக்கு அப்பாலும் முட்டையிடுவதாகக் குஞ்சுகள் கிடைத்த இடங்களை வைத்துக் கணிக்கிறார்கள். ஆக, மாவனல்லைப் பாலத்தடியில் கிடக்கும் ஒரு விலாங்கு நான் பார்த்த கடலைவிட அதிகக் கடலைப் பார்த்திருக்கிறது.

பின்னவலையில் நிற்கவில்லை. 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தின் யானைகள் இதே மகா ஓயாவில்தான் குளிக்கின்றன. பார்க்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. யானையைப் பார்க்கும் கண்ணுக்கு அதன் காலடியில் நகரும் ஆற்று இறால் தெரியப்போவதில்லை. நீல நிறக் கொடுக்கு நீண்ட அந்தப் பெரிய இறாலின் குஞ்சு நன்னீரில் பிழைக்காது. தாய் முட்டைகளைச் சுமந்து உப்புக் கலந்த தண்ணீர் வரை இறங்கவேண்டும். குஞ்சு வளர்ந்த பின் மேலே ஏறவேண்டும். விலாங்கு கடலுக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறது. இது பாதி வழியில் பெற்றுவிட்டுத் திரும்புகிறது.

அலவ்வைக்குக் கீழே ஆற்றின் முகம் மாறியது. கரைகள் செங்குத்தாக அறுந்து, மரவேர்கள் காற்றில் தொங்கின. பல வருடம் அள்ளிய மணலின் அடையாளம் அது. நாட்டின் கட்டட வேலைகளுக்கு மணல் கொடுத்த ஆறுகளில் மகா ஓயாவுக்கு முன்வரிசை இடம் உண்டு. மணல் போனதும் ஆற்றுப் படுக்கை தாழ்ந்தது. தாழ்ந்த படுக்கையில் கடலின் உப்பு உள்ளே ஏறியது. கரையோரக் கிணறுகள் கரித்தன. அதோடு முடியவில்லை. கொச்சிக்கடைக்கு வடக்கே கடற்கரையை உண்டாக்கி வைத்திருந்ததும் இந்த ஆறு கொண்டுவந்த மணல்தான். வரவு நின்ற பிறகு அலை கரையைத் தின்றது. வாய்க்கால், மாரவில பக்கங்களில் கருங்கல் போட்டுக் கடலைத் தடுக்கவேண்டி வந்தது. மணலுக்குள் வாழ்க்கை நடத்தும் மட்டி, நண்டு, புழுக்களுக்குக் கருங்கல் வீடு ஆகாது. ஆமை முட்டையிட ஏறும் கரையும் அதுவே. நாங்கள் கேகாலை மாவட்டத்தில் வீடு கட்டுகிறோம், கடற்கரை குறைகிறது. இதற்கு இடையில் இருக்கும் தொடர்பைச் சொல்ல ஒரு பொருளியலாளர் வேண்டியதில்லை, ஒரு லொறிச் சாரதி போதும்.

கொச்சிக்கடை ஆற்றுவாயில் மார்ச் மாதத் தண்ணீர் குறைந்து, மணல்திட்டு பாதி வாசலை அடைத்திருந்தது. ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் ஆறு, மறுபக்கம் பச்சைக் கடல். இரண்டும் சேரும் இடத்தில் சிறு மீன்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. உப்பு கூடிக் குறையும் இடத்தில் வாழ்வது எளிதல்ல. உடம்பின் உப்பை நாளுக்கு இரண்டு தரம் சரிசெய்யவேண்டும். அதைச் செய்யத் தெரிந்த சில இனங்களுக்கு அங்கே போட்டி குறைவு, தீனி அதிகம். மணலை, கொடுவா போன்றவை அந்தச் சிலரில் சேர்த்தி.

தெற்கே சில கிலோமீற்றரில் நீர்கொழும்புக் களப்பு. ஏறக்குறைய 3,200 ஹெக்டேயர் விரிந்த தண்ணீர். சராசரி ஆழம் ஒரு மீற்றரைச் சுற்றித்தான். கரையோரம் கண்டல் மரங்கள் சேற்றில் காலூன்றி நிற்கின்றன. எங்கள் பலகையில் கிடந்த இறாலின் வீடு இது. முட்டை இடப்படுவது வெளியே, கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் பெருக்கோடு களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களிலும் கடற்புல்லிலும் ஒளிந்து தின்று, சில மாதத்தில் மறுபடி கடலுக்கு இறங்கும். களி நண்டு இதற்கு நேர்மாறாகச் சேற்றிலேயே வாழ்நாளைக் கழிக்கும். சினைப் பெண்டு மட்டும் முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும்.

இறால் வெளியேறும் இந்த நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் இங்கே 'கட்டுதெல்' வலை கட்டுகிறார்கள். இரவில், நீர் வற்றும் சமயம், களப்பின் வாய்க்கால்களில் கம்பு நட்டு, பை போன்ற வலையை ஓட்டத்துக்கு எதிராக விரிப்பார்கள். யார் எந்த இடத்தில் கட்டுவது என்பது சீட்டில் தீரும். தூவ, பிட்டிபன உள்ளிட்ட ஊர்களின் நான்கு மீனவர் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த உரிமையைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. வெளியாள் போய் நட்டுவிட முடியாது. களப்பு முழுக்க வெட்டிய கிளைகளைக் குவித்து, மீன் வந்து ஒதுங்கியதும் சுற்றி வளைக்கும் முறை ஒன்றும் உண்டு. கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசினார். இந்தக் கரையின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இரண்டும் வீட்டு மொழிகள்.

"முந்தி எல்லாம் ஒரு இரவுக்கு எவ்வளவு வரும்?" என்று நானா கேட்டார்.

"அதக் கேட்டு என்ன செய்யப்போறீங்க?" என்றார் அவர். கசப்பாகச் சொல்லவில்லை, கேள்வி பயனற்றது என்று நினைத்தார் போலும். பிறகு அவராகவே 2021ஐப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த வருடம் மே 20ஆம் திகதி, கொழும்புக்கு வடமேற்கே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். ஜூன் 2இல் கப்பல் அமிழத் தொடங்கியது. இந்தக் கரை முழுதும் சவ்வரிசி கொட்டியதுபோல் வெள்ளையாய்க் கிடந்ததை அவர் தன் கையால் அள்ளியிருக்கிறார். பிளாஸ்டிக் மணிச் சிதறல்களில் உலகில் இதுவே மிகப் பெரியது. மீன் முட்டையின் அளவும் நிறமும் உள்ள மணியை மீன் முட்டையென்றே விழுங்கும். ஆமைகள் செத்துக் கரையொதுங்கின, மீன்பிடி தடைபட்டது, நன்றாக இருந்த மீனையும் வாங்க ஆளில்லை. மாவனல்லையில் நாங்களும் அந்த மாதங்களில் கோழிக்கு மாறியது நினைவிருக்கிறது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மணலைக் கையால் கிளறினால் மணிகள் இன்னும் வருகின்றன என்றார் முதியவர்.

மறுநாள் விடியற்காலை நீர்கொழும்பு மீன் சந்தைக்குப் போனோம். ஆழ்கடலுக்குப் போகும் மல்டிடே படகுகளிலிருந்து கெலவல்லாக்களை வாலில் கயிறு போட்டு இழுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் எடை. இந்த மீனின் வீட்டைப் போய்ப் பார்க்க முடியாது, ஏனென்றால் அதற்கு வீடே இல்லை. நின்றால் செவுளுக்குள் தண்ணீர் ஓடாது. மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே பிறந்ததிலிருந்து நீந்திக்கொண்டே இருக்கிறது. அந்த உழைப்பின் சூட்டை உடம்புக்குள்ளேயே தேக்கி வைத்துச் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சில பாகை வெதுவெதுப்பாகத் தசையை வைத்திருக்கும். வெட்டினால் இறைச்சி சிவப்பாக இருப்பதும் அந்த ஓயாத நீச்சலால்தான்.

படங்களில் அழகாகத் தெரியும் அந்த ஆழ்நீலம் உண்மையில் பட்டினிப் பிரதேசம். மேலே வெயில் இருக்கிறது. உரம் எல்லாம் செத்த உடல்களோடு அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடித்தண்ணீர் மேலே எழும் சில இடங்களில்தான் கடல் செழிக்கும். பெருவின் கரை அப்படி ஒன்று. அங்கே பிடிபடும், எங்கள் நெத்தலியின் உறவுக்கார மீன்தான் ஒரே இனத்தில் உலகிலேயே அதிகம் பிடிக்கப்படுவது. அதில் பெரும்பகுதி மனிதன் வாய்க்குப் போவதில்லை. மாவாக அரைக்கப்பட்டுப் பண்ணை மீனுக்கும் கோழிக்கும் தீனியாகிறது. எல் நினோ வருடங்களில் பசிபிக் சூடாகி, அடித்தண்ணீர் எழுவது தடைபட, அந்த நெத்தலி காணாமல் போகும். எல் நினோவின் கை எவ்வளவு நீளம் என்பதை வடக்கே போனபோது பார்த்தோம்.

சிலாபத்தைத் தாண்டும்போது வீதியின் இருபுறமும் கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குளங்கள் வந்தன. 1980களிலும் 90களிலும் கண்டலை வெட்டித் தோண்டியவை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல குளங்கள் வெறிச்சோடின. இறாலை வளர்த்த கண்டலை அழித்து இறால் வளர்க்கப் பார்த்த காரியத்தைப் பற்றி நானா நீண்ட நேரம் பேசினார். அதை இங்கே எழுதினால் சிலர் வருத்தப்படுவார்கள். 2015இல் நாட்டிலுள்ள கண்டல் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டத்தை அரசு அறிவித்ததையும், சிலாபத்துக்கு அருகே பம்பலவில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டதையும் நியாயத்துக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

பாலாவியில் திரும்பிக் கல்பிட்டிக் குடாநாட்டுக்குள் நுழைந்தால் காற்றாடிகளும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் எதிர்கொள்கின்றன. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் வந்து தங்கிய கிராமங்கள். மன்னார்க் கடலில் தொழில் செய்தவர்கள் இந்தக் கடலைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். களப்பின் வடக்கு வாயில் படகை மெல்ல விட்டால் அடியில் கடற்புல் தெரிகிறது. இது பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள முறையான தாவரம். ஒரு காலத்தில் தரையில் இருந்து கடலுக்குத் திரும்பியவை. உலகில் எழுபதைச் சுற்றிய இனங்கள்தான். இந்தப் புல்லை மேய்கிறது கடற்பசு. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். யானையின் தூரத்து உறவு. பின்னவலையைத் தாண்டி வந்ததற்கு இங்கே ஒரு பொருத்தம் என்று நானா மகிழ்ந்தார். அதைக் காணக் கிடைக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் மிஞ்சியவை சொற்பம். இறைச்சிக்காக வேட்டையாடிய காலம் சட்டத்தில் முடிந்துவிட்டது. வலையில் சிக்கிச் சாவது முடியவில்லை. தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக்களுக்கென ஒதுக்கியது. ஆனால் கடற்பசுவுக்கு சர்வதேசக் கடல் எல்லை தெரியாது. இரண்டு பக்கத்து இழுவைப் படகுச் சண்டைக்கு நடுவில் அது மேய்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் மட்டும் பத்தாயிரம் அளவில் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டேன். அங்கே புல்லும் இருக்கிறது, ஆளும் குறைவு.

வெளிப்பக்கம் பார் ரீஃப். 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 306 சதுர கிலோமீற்றர். 156 பவள இனங்களும் 283 மீன் இனங்களும் பதிவான இடம். முகமூடி கட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் ஒரு சத்தம் கேட்டது. பொரிகடலை வெடிப்பதுபோல என்று எழுத வருகிறது, வேண்டாம். சொடுக்கு இறால் என்று ஒன்று கொடுக்கை அடித்து உண்டாக்கும் ஒலி அது. கிளிமீன்கள் பாறையைக் கடித்து, பாசியைத் தின்று, சுண்ணாம்பைத் தூளாக்கி மணலாகக் கழித்தன. வெள்ளை மணற்கரைகளை விரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தத் தகவலைச் சொல்வதில் நானாவுக்குத் தனிச் சந்தோஷம்.

பவளம் என்பது குட்டி விலங்கு. தோலுக்குள் நுண்பாசியை வைத்துக்கொண்டு அது சமைப்பதைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறது. அதனால்தான் வெயில் எட்டாத ஆழத்தில் இந்தப் பாறைகள் வளர்வதில்லை. உலகக் கடற்றளத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவான இடத்தைப் பிடித்திருக்கும் இவற்றில், அறியப்பட்ட கடல் உயிரினங்களில் கால்பங்கு அளவு ஏதோ ஒரு பருவத்தில் தங்குகின்றன. தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடாகிச் சில வாரம் நின்றால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் நிறம் போகும், நீண்டால் உயிரும் போகும். 1998 எல் நினோவில் பார் ரீஃபின் ஆழமற்ற பகுதி அநேகமாகச் செத்தது. பிறகு மேசைப் பவளங்கள் திரும்ப முளைத்து, ஆய்வாளர்களே வியக்கும் அளவுக்குத் தழைத்தன. 2016இல் மறுபடி வெந்தது. நாங்கள் நீந்திய இடத்தில் உடைந்த கிளைகள் குவியலாகவும், அவற்றின்மேல் அங்கங்கே கையகலப் புதுத் தளிர்களும் இருந்தன.

2016 எங்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத வருடம். மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அந்த மழையைக் கொண்டுவந்தது வங்காள விரிகுடாப் பக்கம் உருவாகி, பின்பு ரோனு என்று பெயர் பெற்ற புயலின் தொடக்கத் தாழமுக்கம். தாழமுக்கத்துக்குத் தீனி போடுவது சூடான கடல். பவளம் இங்கே வெளிறிக்கொண்டிருந்த அதே வாரங்களில் எங்கள் மலை சேறாகி மகா ஓயாவில் இறங்கியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த வருட இந்தியப் பெருங்கடலின் சூட்டை இரண்டு இடமும் தனித்தனியாக அனுபவித்தன, அவ்வளவுதான். மலைக்காரனுக்குக் கடலோடு என்ன வேலை என்று யாராவது கேட்டால் இனி இதைச் சொல்லலாம்.

பாரைத் தாண்டிப் படகு மேற்கே போயிற்று. தண்ணீரின் பச்சை மறைந்து மை நீலமானது. கீழே கண்டத்திட்டு முடிந்து நானூறு மீற்றருக்கும் அப்பால் சரியும் இடம். முதலில் சுழல் டொல்பின்கள் வந்தன, எண்ண முடியாத கூட்டம். துள்ளி, காற்றில் பம்பரமாய்ச் சுற்றி விழுந்தன. பகலில் அவற்றுக்கு விளையாட்டும் ஓய்வும், வேட்டை இரவில். இருட்டியதும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலிருந்து சிறு மீன், கணவாய், இறால் வகைகள் மேலே ஏறி மேய்ந்து, விடியுமுன் திரும்ப இறங்கிவிடுகின்றன. பூமியில் நடக்கும் மிகப்பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். எல்லாக் கடலிலும் ஒவ்வோர் இரவும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஒலிமானிகளில் கடலுக்கு நடுவே பொய்த்தரை ஒன்று தெரிந்து, இரவில் அது உயர்வதைக் கண்டு மாலுமிகள் குழம்பியிருக்கிறார்கள். அது உயிர்களின் அடுக்கு.

"அந்தா, ஊதுது!" என்று படகோட்டி கையை நீட்டினார். பெருமூச்சு நேராக எழவில்லை. முன்னோக்கி, இடப்பக்கம் சாய்ந்து போனது. அதுவே ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் முத்திரை. அதன் மூக்குத் துளை ஒன்றுதான், தலையின் இடப்பக்க நுனியில் இருக்கிறது. தாய்களும் குட்டிகளுமாக ஒரு குடும்பம். பெரிய ஆண்கள் துருவக் கடல்களில் சுற்றிவிட்டு இனப்பெருக்கத்துக்கு மட்டும் வெப்பக் கடலுக்கு வரும். ஒன்று வாலைத் தூக்கிச் செங்குத்தாக இறங்கியது. இனி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூரிய ஒளி ஏறக்குறைய 200 மீற்றரோடு பயனற்றுப் போகும். ஆயிரம் மீற்றரில் முழு இருட்டு, ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அங்கே போய், ஒலியால் கணவாயைத் தேடிப் பிடித்துத் தின்றுவிட்டு, ஒரே மூச்சில் திரும்பி வரும். 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின், டியூலிப் என்ற சிறு பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் கொல்லாமல் திமிங்கிலத்தை ஆராயும் முறைகளை இலங்கைக் கடலில்தான் வளர்த்தெடுத்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் நானா அடித்தளத்தைப் பற்றிப் பேசினார். கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீற்றர். பீதுருதாலகாலையை அப்படியே இறக்கினால் உச்சிக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். அந்த இருட்டில் உயிர்களுக்கு மேலிருந்து விழும் எச்சமும் பிணமுமே சாப்பாடு. ஒரு திமிங்கிலம் செத்து விழுந்தால் பல பத்தாண்டுக்கு ஓர் ஊர் பிழைக்கும். வெயிலை நம்பாத ஊர்களும் உண்டு. 1977இல் கலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அங்கே பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டிலிருந்து உணவு சமைக்க, புழுவும் மட்டியும் அதில் வாழ்கின்றன. எங்கள் இந்தியப் பெருங்கடலில் 2000இல் கைரெய் என்ற ஊற்றுக்களம் அகப்பட்டது. அங்கே ஒரு நத்தை, காலில் இரும்புச் சல்பைட் செதில் பூண்டிருக்கிறது. இரும்பைக் கவசமாக அணியும் விலங்கு வேறு அறியப்படவில்லை. கடலடிச் சுரங்கத் தொழிலை எண்ணி, 2019இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் சேர்க்கப்பட்டது. யாருடைய பலகைக்கும் வராத உயிர், ஆனாலும் தப்பவில்லை.

பத்து மணியைத் தாண்டியதும் காற்று எழுந்தது. அலை முதுகில் வெள்ளை தெரியத் தொடங்க, படகோட்டி முகத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தார்.

"ஏப்ரல் வரைக்கும்தான் இந்த விளையாட்டு. மே வந்தா தென்மேல் காத்து. பிறகு திமிங்கிலம் பாக்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அப்ப அந்த மாதங்கள்ல என்ன தொழில்?" என்று கேட்டேன்.

"பட்டம்" என்றார். மே முதல் ஒக்ரோபர் வரை வீசும் அதே காற்றுக்காக வெளிநாட்டுக்காரர்கள் கல்பிட்டிக்கு வந்து குவிகிறார்கள். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டி, பலகையில் நின்று, களப்புத் தண்ணீரில் சறுக்குவார்கள். அவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவருவது அவர் வேலை. அவருடைய உறவுக்காரர்களில் சிலர் பழைய வழக்கப்படி அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி போடுகிறார்கள். அங்கே உள்ளூர்க்காரரோடு வருடா வருடம் தகராறு.

நானா பட்டத்தில் கருத்தூன்றிவிட்டார். "எங்கட வயசில அதில ஏறலாமா?"

படகோட்டி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "ஏறலாம் நானா. மணிக்கு எவ்வளவு என்டுதான் நீங்க கேக்கணும். அது டொலர்ல" என்று சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார்.